வானத்துக்கு வேண்டாம், பாறைக்குப் போடுங்கள்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது என்று ஜூனில் முதல் செய்தி வந்ததுமே கேமரா வைத்திருக்கும் தம்பிகளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். அண்ணே, அல்ட்ரா வைட் வாங்கிட்டேன், அதுக்கு என்னென்ன ஃபில்டர் வாங்கணும்? (அல்ட்ரா வைட் என்றால் மிக அகலமாகப் பார்க்கும் லென்ஸ், ஃபில்டர் என்றால் அதற்கு முன்னால் மாட்டும் கண்ணாடி.) கேட்கும்போதே கையில் ஒரு பட்டியலும் இருக்கும். வளையத்தைத் திருகிப் பளபளப்பை வெட்டும் போலரைசர் ஒன்று, வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. மூன்று, மேல்பாதி மட்டும் இருண்ட கிராஜுவேட்டட் இரண்டு, எல்லாவற்றுக்கும் கீழே பாதுகாப்புக்கு ஒரு யூ.வி. இது ஐஸ்லாந்துக் கடற்கரையில் நின்று பேசும் யூடியூப்காரர்கள் கொடுத்த பட்டியல், அவர்கள் ஊருக்கு அது சரியாகவே இருக்கலாம். பொதிகை மலை பாதி வானத்தை மறைத்து நிற்கிற, உச்சி வெயிலில் நிழல் காலடியிலேயே விழுகிற, ஆடி மாதம் டிரைபாட் நிற்க மறுக்கிற நம் ஊருக்கு அந்தப் பட்டியலில் முக்கால்வாசி தண்டம். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். நல்ல போலரைசர் ஒன்று, ஆறு ஸ்டாப் என்.டி. ஒன்று, அவ்வளவு போதும். (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. பாதுகாப்புக்குப் போடும் யூ.வி. கதையைக் கடைசியில் சொல்கிறேன்.) அதிலும் போலரைசரை வானத்துக்காகப் போடாதீர்கள், பாறைக்கும் தண்ணீருக்கும் போடுங்கள்.

ஏன் என்று கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஃபில்டர் என்பது பெரும்பாலும் கோணத்தை நம்பிப் பிழைக்கும் சாமான். ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது, கண்ணாடியை எந்தச் சாய்வில் கடக்கிறது என்பதை வைத்துத்தான் அது வேலை செய்யும். 50 மி.மீ. லென்ஸில் எல்லாம் ஏறக்குறைய நேராகவே வருவதால் இந்த விவகாரம் கண்ணிலேயே படாது. ஃபுல் ஃபிரேம் கேமராவில், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள கேமராவில், 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கும். 16 என்றால் 107 டிகிரி, 14 என்றால் 114. (அதைவிடச் சின்ன கிராப் சென்சாரில் 10 மி.மீ. போடுகிறவர்கள் 15, 16 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.) குறுக்குத்துறைப் படித்துறையில் நின்று 16 மி.மீ. லென்ஸை ஆற்றுப் பக்கம் திருப்பினால் ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயில், இந்தக் கரைப் படிக்கட்டு, அந்தக் கரை மரங்கள், தலைக்கு மேல் பாதி வானம், கவனிக்காமல் விட்டால் நம் டிரைபாட் காலும் பக்கத்தில் கழற்றிப்போட்ட செருப்பும் வரைக்கும் உள்ளே வந்துவிடும். இவ்வளவு அகலமான இடத்தில் ஒளி ஒரே மாதிரி இருக்காது. ஃபில்டரோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. சிக்கலெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் வானம். நீல வானத்தின் ஒளி காற்றில் சிதறி வருகிற ஒளி. அப்படிச் சிதறும்போது அதில் ஒரு பங்கு ஒரே தளத்தில் அதிர ஆரம்பிக்கிறது, அந்தப் பங்கைத்தான் போலரைசர் வெட்டுகிறது. ஆனால் இந்தப் பங்கு வானம் முழுக்கச் சமமாக இல்லை. சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் பகுதியில் உச்சம், சூரியனை நெருங்க நெருங்கக் குறைவு, சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கமும் குறைவு. எங்கே உச்சம் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்து, சுட்டுவிரல் நகராமல் மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் வானத்தில் போகிற பாதைதான் அந்தப் பட்டை.

இப்போது காலை ஏழு மணிக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வயல் வரப்பில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிசான நடவு முடிந்து வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சூரியன் கிழக்கே தாழ்வாக இருக்கிறது. மேற்கே மலையைப் பார்த்தால் சூரியன் நமக்கு முதுகுப்பக்கம், மலைக்கு மேலுள்ள வானத்தில் போலரைசருக்கு வேலையே இல்லை. எப்படித் திருகினாலும் ஒன்றும் நடக்காது, வெளிச்சத்தில் ஒன்றரை ஸ்டாப் வீணாகப் போவதுதான் மிச்சம். சரி என்று தெற்கே, களக்காட்டுப் பக்கம் திரும்பினால் அந்தப் பட்டை ஃபிரேமுக்கு நட்டநடுவில் தரையிலிருந்து உச்சி வரை செங்குத்தாக நிற்கிறது. 16 மி.மீ. படுக்கைவாட்டில் 97 டிகிரி பார்க்கிறது. அதனால் நடுவில் போலரைசர் முழு வீச்சில் வெட்டும்போது இரண்டு ஓரத்திலும் வெட்டக் கிடைப்பது, கணக்குப்படி, அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படத்தில் என்ன ஆகும்? நடுவானம் கருநீலம், இரண்டு பக்கமும் வெளுத்துப்போன சாம்பல். இதைக் கணினியில் சரிசெய்யலாம் என்று சொல்கிறவர்கள் அந்தக் கருநீலத்துக்குள் பத்துப் பனை தலையை நீட்டிக்கொண்டிருக்கும் படத்தை ஒருமுறை சரிசெய்து பார்க்கட்டும்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அது நம் ஊருக்கென்றே வாய்த்தது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8.7 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் சமயத்தில், நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை வரும். சூரியன் உச்சியில் இருந்தால் 90 டிகிரி பட்டை எங்கே இருக்கும்? அடிவானத்தைச் சுற்றி முழு வட்டமாக. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடமிருந்து வலம் வரை வானம் ஒரே அளவு அடங்கும், 14 மி.மீ. போட்டாலும் சரி. சித்திரை உச்சி வெயிலில் கேமராவோடு கிளம்புகிறவனை வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள், ஆனால் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டில் அந்த நேரத்தில் போய் நின்றால் செம்மணலும் ஒவ்வொரு பனைக்கும் அடியில் வட்டமாக விழுந்த நிழலும் மேலே ஒரே சீராக அடங்கின நீலமும் வேறெந்த நேரத்திலும் கிடைக்காது. தூசி மண்டலம் இல்லாத நாளாக இருக்கவேண்டும். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் உத்தமம்.

அந்த இரண்டு சமயத்தைத் தவிர, அகல லென்ஸில் வானத்துக்குப் போலரைசர் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

இனிப் பாறைக்கு வருவோம். எனக்குப் பேச ஆசை இதைப் பற்றித்தான். மணிமுத்தாறு அருவிக்குப் போகிறவர்கள், பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவிக்குப் போகிறவர்கள் எல்லோரும் விழுகிற தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். அகல லென்ஸில் அருவி சுண்டிப்போய் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரியும், ஃபிரேமில் பாதிக்குமேல் இருப்பது நம் காலடியில் கிடக்கும் ஈரப்பாறை. அந்தப் பாறை நன்றாக இருந்தால்தான் படம் படம். ஈரமான பாறைக்கு மேல் வானத்தின் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் அது கண்ணுக்கு ஒரு வெள்ளைப் பூச்சாகத்தான் தெரியும். போலரைசர் வளையத்தை மெல்லத் திருகினால் ஓர் இடத்தில் அந்தப் பூச்சு சட்டென்று கழன்றுவிடும். அதுவரை சாம்பலாகத் தெரிந்த கல் காவியும் கருப்புமாக நிறம் காட்டும், குறுக்கே ஓடும் வெள்ளைக் கல் நரம்பு தெரியும், விரிசலில் ஒட்டியிருக்கும் பாசி பச்சையாகும், பக்கத்துக் குழித் தண்ணீருக்குள் கிடக்கிற கூழாங்கல்லும் அதற்கு மேல் நின்றுகொண்டிருக்கிற மீன் குஞ்சும் தெரியும். இலைகளும் அப்படியே. ஒவ்வொரு இலை மேலும் வானம் பூசியிருந்த வெளிறல் போய்விடும். இதைக் கணினியில் கொண்டுவர வழியே இல்லை. மறைந்திருந்த கல் எப்படியிருக்கும் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? கற்பனை வேண்டுமானால் செய்யும்.

இங்கேயும் கோணம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. தண்ணீரின் மேற்பரப்பைச் சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் அதன் பளபளப்பைப் போலரைசர் முழுசாக எடுக்கும். அதைவிடச் செங்குத்தாகப் பார்த்தாலும் தாழ்வாகப் பார்த்தாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். கேமரா தண்ணீருக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் அந்த இடம் நமக்கு ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அப்பால் வரும். ஒரு வேடிக்கை என்னவென்றால், ஃபுல் ஃபிரேமில் 16 மி.மீ. லென்ஸை மட்டமாக, படுக்கைவாட்டில் வைத்தால் ஃபிரேமின் கீழ் விளிம்பு பார்ப்பதும் அதே 37 டிகிரிதான். ஆகவே மட்டமாக வைத்துப் போலரைசரைத் திருகித் திருகிப் பார்த்து ஒன்றும் தெரியவில்லையே என்று சலித்துக்கொள்கிறவர்கள் கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் போதும், நல்ல பகுதி உள்ளே வந்துவிடும். அதோடு, தண்ணீரில் இந்த ஏற்றத்தாழ்வு உறுத்துவதில்லை. கிட்டத்தில் கல் தெரிகிற தண்ணீர் தூரத்தில் போகப்போக வானத்தைக் காட்டுவது நாம் தினமும் ஆற்றில் பார்ப்பதுதான். வானத்தில் கருப்புத் தூண் நிற்பதை யாரும் எங்கேயும் பார்த்ததில்லை.

பாபநாசம் படித்துறையில் இதைச் செய்துகொண்டிருந்தபோது குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“என்ன தம்பி, கண்ணாடிக்கு மேல கண்ணாடியா மாட்டுதிய?”

“ஆமா அண்ணாச்சி. தண்ணி மேல உள்ள மினுக்கம் போறதுக்கு.”

“மினுக்கம் எப்பிடிப் போவும்?”

கேமராவின் பின்திரையைக் காட்டி, வளையத்தை அவரையே திருகச் சொன்னேன். விரலின் ஈரத்தைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். பாதி திருகியதும் “ஏ, அடிக்கல்லு தெரியுதுல்லா!” என்றார். இன்னும் திருகினார், கல் மறைந்தது. திரும்பப் பின்னால் திருகினார். “அப்ப மீன் பிடிக்கவன் இத மாட்டிக்கிட்டு ஆத்துல எறங்கினா ஒரு மீனு தப்பாதே” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அவர் சொன்னது முழுக்கச் சரி. தூண்டில்காரர்களுக்கென்று விற்கும் கூலிங்கிளாஸ்கள் இதே போலரைசர்தான்.

போலரைசர் போட்டதும் ஒன்றரை ஸ்டாப் இருட்டுவதை நான் நஷ்டமாக எழுதுவதில்லை. மணிமுத்தாறு போன்ற இடத்தில் மேகமூட்டமான நாளில் மர நிழலில் லென்ஸ் துளையை எஃப் 11, சென்சாரின் உணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று வைத்துப் போலரைசரும் போட்டால் ஷட்டர் தானாகவே கால் வினாடி, அரை வினாடிக்கு வந்துவிடும். அருவிக்கு அதுதான் அளவு. தண்ணீர் ஓடியது தெரியும், அதன் இழைகளும் தெரியும். அரை நிமிடம் திறந்துவைத்து அருவியை வெள்ளைத் துணியாக ஆக்குவதில் எனக்கு என்றுமே நாட்டமில்லை. எந்த அருவியை எடுத்தாலும் ஒரே அருவியாகத் தெரியும், அது ஐந்தருவியா வேறெதுவுமா என்று யாரும் சொல்லமுடியாது. காட்டுக்குள் அந்திவரை காத்திருக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடங்களில் வனத்துறை சொல்கிற நேரத்துக்குள் வெளியே வந்தாகவேண்டும்.

என்.டி. ஃபில்டர் பற்றிச் சொல்லும்போது பத்து ஸ்டாப் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அகல லென்ஸில் அதற்கு ஒரு கூலி உண்டு, கடைக்காரர் சொல்லமாட்டார். நிறமூட்டிய கண்ணாடியில் செய்த என்.டி. என்றால் ஒளி கண்ணாடிக்குள் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறதோ அவ்வளவு இருட்டாகும். ஃபிரேமின் நடுவுக்கு வரும் ஒளி நேராகக் கடக்கிறது. 14 மி.மீ. லென்ஸின் மூலைக்குப் போகும் ஒளி 57 டிகிரி சாய்ந்து வருகிறது. கண்ணாடிக்குள் நுழைந்ததும் வளைந்து சுமார் 34 டிகிரியாகும், ஆனாலும் நேராகப் போகிறதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் தூரம் போகவேண்டியிருக்கிறது. அப்படியென்றால் நடுவில் பத்து ஸ்டாப் மூலையில் பன்னிரண்டு ஸ்டாப். லென்ஸுக்கென்றே ஏற்கெனவே மூலை இருட்டு கொஞ்சம் உண்டு, இது அதற்கு மேல். மூலையை இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கினால் இரைச்சல் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். ஆறு ஸ்டாப் ஃபில்டரில் இந்தக் கூடுதல் ஒன்றேகால் ஸ்டாப்தான், சமாளித்துவிடலாம். உலோகப் பூச்சுப் பூசிய வகைகளில் கணக்கு வேறு மாதிரி, அவற்றில் சில மூலையில் நிறம் மாறும்.

வளையத்தைத் திருகி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்.டி. வேண்டவே வேண்டாம். அது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர். வளையத்தைக் கடைசிவரை திருகினால் அகல லென்ஸில் படத்துக்குக் குறுக்கே பெருக்கல் குறி விழும். சாய்ந்து வரும் ஒளிக்கு அந்த இரண்டு தாள்களும் ஒன்றையொன்று சரியாகத் தடுப்பதில்லை என்பதுதான் காரணம், விலை கூடியதை வாங்கினாலும் கொஞ்சம் தள்ளிப்போகுமே தவிர வராமல் இருக்காது. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் 35 மி.மீ., 50 மி.மீ. லென்ஸில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அது அவர்களுக்கான பொருள்.

ஆறு ஸ்டாப் எதற்கு என்றால், காற்றாலைக்கு. பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி ஆடியில் போனால் மேகம் ஓடுகிற வேகத்துக்கும் காற்றாடிகள் சுற்றுகிற வேகத்துக்கும் அகல லென்ஸ்தான் பொருத்தம். பெரிய காற்றாலை ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு வினாடி எடுக்கும். நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 வைத்தால் 1/125 வினாடி, ஆறு ஸ்டாப் போட்டால் அது அரை வினாடியாகும். அரை வினாடியில் ஒவ்வொரு இறக்கையும் ஐம்பது டிகிரி போல நகர்ந்து விசிறி விசிறியாக விழும், சுற்றுவது படத்திலேயே தெரியும். பத்து ஸ்டாப் போட்டால் எட்டு வினாடி, இறக்கைகள் கரைந்துபோய் வெறும் மொட்டைக் கம்பம் வரிசையாக நிற்கும். அதோடு ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், எட்டு வினாடி டிரைபாட் அசையாமல் இருக்குமா? அரை வினாடிக்கே நான் பையைக் கொக்கியில் தொங்கவிட்டு, காற்று வரும் பக்கம் உடம்பை மறைப்பாக வைத்துக்கொண்டுதான் அமுக்குகிறேன்.

நீண்ட நேர எக்ஸ்போஷர்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஆறு ஸ்டாப் போட்டு இரண்டு வினாடிப் படங்களாகப் பதினாறு எடுத்துக் கணினியில் சராசரி போட்டால் 32 வினாடி எடுத்தது போலவே இருக்கும், இரைச்சலும் குறையும். ஒலிம்பஸ் 2019இல் இதையே கேமராவுக்குள் லைவ் என்.டி. என்று வைத்துவிட்டது. 2024இல் வந்த ஓஎம்-1 மார்க் டூவில் கிராஜுவேட்டடும் உள்ளேயே வந்துவிட்டது. போலரைசரை மட்டும் நாம் கடையில் வாங்கும் கேமராக்களில் எனக்குத் தெரிந்து இன்னும் யாரும் அப்படிச் செய்யவில்லை.

கிராஜுவேட்டட் ஃபில்டரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மேல்பாதி இருட்டு, கீழ்ப்பாதி வெறும் கண்ணாடி. அடிவானம் நேர்கோடாக இருக்கும் இடத்துக்குச் செய்தது. அம்பாசமுத்திரத்தில் நின்றால் அடிவானம் என்று ஒன்று கிடையாது, மலை இருக்கிறது. சமவெளிக்கு வந்தால் கோட்டுக்கு மேலே பனை நிற்கும். கோடு தாண்டி மேலே போன பனையின் தலை கருகிப்போகும். தொலைவு லென்ஸில் ஃபில்டரின் சிறு பகுதி மட்டும் பயன்படுவதால் அந்த மாற்றம் பரவலாக, மென்மையாக விழும். அகல லென்ஸிலோ ஃபில்டரின் பெரும்பகுதி ஃபிரேமுக்குள் வருவதால் கோடு எங்கே இருக்கிறதென்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். வானத்துக்கு ஒன்று தரைக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பது மேல். மணப்பாட்டுக் கடற்கரையில் விடியற்காலையில் கடலை மட்டும் பார்த்து எடுக்கும்போது வேண்டுமானால் அதற்கு ஒரு மரியாதை உண்டு, அங்கே கோடு கோடாகவே இருக்கிறது. மணல்குன்றின் மேலிருக்கும் திருச்சிலுவை ஆலயத்தை ஃபிரேமுக்குள் சேர்த்த நிமிஷம் அதுவும் போச்சு.

இனி லென்ஸ் வாங்கும் விஷயம். முன்கண்ணாடி பிதுங்கி நிற்கும் லென்ஸ்கள் மேல் எல்லோருக்கும் ஒரு மோகம். 2007இல் வந்த நிக்கான் 14-24 எஃப் 2.8 அப்படி ஒரு லென்ஸ். கூர்மையில் அன்றைக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் முன்னால் ஃபில்டர் திருகத் திருகுமரையே கிடையாது. அதற்காக 150 மி.மீ. அகலக் கண்ணாடிகளும் அவற்றைத் தாங்கும் பெரிய சட்டங்களும் சந்தைக்கு வந்தன. அந்தச் சட்டத்தை மாட்டிக்கொண்டு பணகுடிக் காற்றில் நிற்க நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். 2020இல் நிக்கானின் புதிய இசட் கேமராக்களுக்கான அதன் தம்பி வந்தது, முன்மறைப்பாக மாட்டும் ஹூடில் 112 மி.மீ. ஃபில்டர் திருகலாம். ஒரு நல்ல 112 மி.மீ. போலரைசரின் விலை எங்கேயோ போகும், கீழே விழுந்தால் மனசும் சேர்ந்து உடையும். கேனான் 11-24 போன்ற சில லென்ஸ்களில் பின்பக்கம் தாள் மாதிரி மெல்லிய ஜெல் ஃபில்டரை வெட்டிச் செருகலாம். அங்கே ஒளி அவ்வளவு சாய்வாகக் கடக்காததால் மூலை இருட்டு, பெருக்கல் குறி எல்லாம் அடங்கும். என்.டி.க்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் செருகிவிட்ட ஃபில்டரைத் திருகமுடியாது, திருகமுடியாத போலரைசர் எதற்கு? கேனானின் ஆர் கேமராக்களில் பழைய இ.எஃப். லென்ஸ் மாட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு விடிவு உண்டு, போலரைசரைப் பல்சக்கரத்தால் திருப்பும் வசதியோடு ஓர் அடாப்டரே கிடைக்கிறது. லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் மற்ற கம்பெனிக்காரர்கள் விற்கும் கண்ணாடியைச் செருகுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஃபோகஸ் பின்னால் தள்ளும். ஒரு மி.மீ. கண்ணாடி என்றால் 0.3 மி.மீ. தள்ளும், 14 மி.மீ. லென்ஸில் அது பெரிய தூரம்.

என்னைக் கேட்டால் சாதாரணத் திருகு ஃபில்டர் ஏறும் லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். கேனான் 16-35 எஃப் 4, ஆர்.எஃப். 14-35 எஃப் 4 இரண்டுக்கும் 77 மி.மீ. போதும். நிக்கான் இசட் 14-30 எஃப் 4 2019இல் 82 மி.மீ. ஃபில்டரோடு வந்தபோதே பிதுங்கின லென்ஸின் காலம் பாதி முடிந்தது. கிராப் கேமராவுக்குக் கேனான் இ.எஃப்.-எஸ். 10-18, 67 மி.மீ., 240 கிராம், பழசாகக் கிடைத்தால் விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் 82 மி.மீ. ஃபில்டர் ஒன்று வாங்கி சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை ஏற்றும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுப் பொருத்திக்கொள்வது சிக்கனம். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மூலையில் வளையம் தெரியும், ஆகவே போலரைசரோ என்.டி.யோ ஏதாவது ஒன்றுதான்.

கடைசியாக யூ.வி. இதைத் தூக்கிப்போடச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் தேரிக்கு வந்ததில்லை. சூரியனை ஃபிரேமுக்குள் வைத்தால் தட்டைக் கண்ணாடி பேய் உருவங்களைக் காட்டும் என்பது உண்மை, அப்போது கழற்றிவிடுங்கள். மற்றபடி தேரி மணலும் மணப்பாட்டு உப்புக் காற்றும் படுவது லென்ஸ் மேலா எழுநூறு ரூபாய்க் கண்ணாடி மேலா என்றால் கண்ணாடி மேல் படட்டும். கேனானே சில லென்ஸ்களுக்கு முன்னால் ஃபில்டர் போட்டால்தான் தூசி, ஈரக் காப்பு முழுமையாகும் என்று சொல்கிறது. சாரலில் ஒரு துளி விழுந்தாலும் உடனே துடைக்கவேண்டும். 16 மி.மீ.யில் எஃப் 11 வைத்தால் முக்கால் மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் வைத்தாலே அரை மீட்டருக்குள்ளிருந்து மலைவரை எல்லாம் தெளிவாக விழும், அப்படிப்பட்ட லென்ஸுக்கு மூக்கு நுனியில் இருக்கும் துளியும் கறையாகத் தெரியும்.

தேரி மணல் மாவு மாதிரி நைசு. திருகுமரைக்குள் போனால் ஃபில்டர் இறுகிக்கொள்ளும். இறுகினதைப் பிதுக்கிப் பிடித்துத் திருகினால் வளையம் முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். யூ.வி., என்.டி. என்றால் சுத்தமான ரப்பர் செருப்பின் அடியை வளையத்தின் மேல் சமமாக வைத்து லேசாக அழுத்தித் திருகுங்கள், வந்துவிடும். போலரைசரில் இது நடக்காது, முன்வளையம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் ஒல்லியான வளையத்தில் இரண்டு ரப்பர் பேண்டைச் சுற்றி, அதைப் பிடித்துத்தான் கழற்றவேண்டும், பொறுமையும் வேண்டும். அதனால் தேரிக்குப் போகிற அன்று வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புவேன். வீடு திரும்பி, மூக்குப்பொடி டப்பா அளவில் ஓர் ஊதுகுழல் இருக்கிறது, அதால் சுற்றிலும் ஊதிவிட்டுத்தான் வளையத்தில் கைவைப்பது.